அத்தை மஞ்சள் பூசிய புற்று

கிள்ளானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, எங்கள் வீட்டுக்குக் கறி என்றால் அது காளான்தான். ரப்பர் விலை சரிந்து அப்பாவுக்குப் பாதிச் சம்பளம். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், காட்டோரத்துக் கறையான் புற்றில், நல்ல மழைக்குப் பிறகு வெள்ளைவெளேரென்று குடை விரியும். அப்பாவின் அக்காள், என் அத்தை, அதை மிளகு போட்டு வதக்கினால் அப்பா இன்னொரு பிடி சோறு கேட்பார்.

தோட்டத்துப் புற்றையெல்லாம் இடிக்கச் சொல்லித் துரை உத்தரவு போட்டார். கறையான் மரத்தை அரிக்கிறதாம்.

“புத்து போனா காளானும் போச்சு. அந்தக் கறையான் இல்லாத எடத்துல அது முளைக்காது,” என்றார் அத்தை. விடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு போய், புற்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செம்பருத்தி சாத்தினார். “நீ வாயத் திறக்காத.”

மண்வெட்டியோடு வந்த கங்காணி திகைத்து நின்றார். “நேத்து வரைக்கும் சும்மாதானே இருந்துச்சு?”

“நேத்துதானே ஆத்தா என் கனவுல வந்தா, கங்காணி ஐயா.”

அவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். புற்று தப்பியது.

அடுத்த மழைக்குக் கூடையோடு போனோம். காளான் கொள்ளையாகப் பூத்திருந்தது. சுற்றிலும் லயத்துப் பெண்கள் பால் செம்போடு நின்றார்கள். கங்காணியின் மனைவி எங்கள் கூடையைப் பார்த்தார்.

“ஏக்கா, ஆத்தா தலையில முளைச்சதைப் பறிச்சுக் குழம்பு வைக்கப் போறியா?”

நான் கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அத்தை அசரவில்லை. “பெத்தவ சோறு போட்டா வேணாம்னு சொல்லுவியா? வீட்டுக்கு ஒரு பிடி எடுங்க. மொட்டையும் முத்தினதையும் தொடாதீங்க, அது அவளுக்கு. குச்சி விட்டுக் கிண்டாம கையால எடுங்க. பாலைப் புத்துக்குள்ள ஊத்தாதீங்க, ஓரமா ஊத்துங்க.”

“இதெல்லாம் ஆத்தா சொன்னதா, நீ சொல்றதா?”

“கனவு கண்டது நானா, நீயா?”

எல்லாரும் சிரித்துக்கொண்டே குனிந்தார்கள். எங்களுக்கும் ஒரு பிடிதான். கூடை நிறைய வருவது போயிற்றே என்று எனக்கு ஆற்றாமை. ஆனால் இடித்த புற்றுகளின் இடத்தில் பிறகு ஒன்றும் முளைக்கவில்லை. இங்கே மழை தவறாமல் பூத்தது. ஆத்தாவின் கருணை, லயம் முழுக்க மிளகு மணந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விறகு பொறுக்கப் போனேன். புற்றடியில் அத்தை தனியாக, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார். கங்காணிதான் இல்லையே, இப்போது யாரை ஏமாற்றுகிறார் என்று நினைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.