ஆறடிக் குழலும் ஒரு வாய்த் தண்ணீரும்

இன்றைக்கு அவர் பெயின்ட் அடிப்பவர். சட்டையெல்லாம் நீலத் தெறிப்பு, கையில் காலி வாளி, தலையில் செய்தித்தாள் குல்லா. தோளில் சாய்த்திருக்கும் ஆறடி அலுமினியக் குழாயின் நுனியில் ரோலர் பிரஷ் ஒன்றைச் செருகியிருக்கிறார். மிருகக்காட்சிசாலையின் மனிதக்குரங்குக் கூண்டை நோக்கி, சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பவர்போலப் பக்கவாட்டில் நகர்கிறார். உள்ளே ஒராங்உட்டான் சோம்பலாக எழுந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் போய், கன்னம் புடைக்க ஒரு வாய் நிரப்பிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்கிறது. இன்னும் நாலடி. இன்னும் இரண்டடி. பீச்சியடித்த தண்ணீர் குல்லாவைத் தூக்கிக்கொண்டு போகிறது.

"கண்டுபிடிச்சிட்டா" என்கிறார், முகத்தை வழித்து உதறியபடி. மகள் முதல் மார்க் வாங்கிய அப்பாவின் குரல் அது.

அவருக்கு மருத்துவப் பிரிவில் வேலை. நம்மைப்போலச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காராத நோயாளிகளுக்குத் தூரத்திலிருந்து ஊசி போடுவார். பெரிய மிருகங்களுக்குத் துப்பாக்கி இருக்கிறது. கிட்டத்தில் இருப்பவர்களுக்கு, சத்தத்தில் மிரள்பவர்களுக்கு, தோளில் இருக்கும் இந்த ஊதுகுழல்தான். வாயருகே இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, ஒரே ஒரு 'ப்த்'. அவ்வளவுதான், வேலை முடிந்தது. கடித்த பிறகுதான் வந்தது தெரியும் என்பதால் எல்லோரும் அவரைக் 'கொசு' என்கிறார்கள். நான் மட்டும் மரியாதையாகக் 'கொசு அண்ணன்' என்பேன்.

ஊசிகளை அவரே செய்கிறார். சாதாரண பிளாஸ்டிக் சிரிஞ்சின் முன்பாதியில் மருந்து, பின்பாதியில் அடைத்த காற்று. ஊசியின் முனையை மூடிவிட்டு, பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, அதன்மேல் துளி ரப்பரை மாட்டியிருப்பார். தோலில் குத்தியதும் ரப்பர் பின்னால் நழுவும். காற்று மருந்தைத் தள்ளிவிடும். வாலில் ரோஸ் நிற உல்லன் குஞ்சம். அந்த நிறத்தின் அழகைப் பற்றி நான் ஒருநாள் உருகிப் பேசினேன். "புல்லுல விழுந்தா தேட வேணாமா கவிஞரே?" என்றார்.

கவிஞர் என்பது நான். மிருகக்காட்சிசாலைக்கு அறிவிப்புப் பலகைகள் எழுதுகிறேன். 'காண்டாமிருகம். தாவர உண்ணி. கல் எறியாதீர்கள்.' என் படைப்புகளில் அதிகம் வாசிக்கப்பட்டது அந்த மூன்றாவது வாக்கியம்தான். அதையும் யாரும் மதித்ததில்லை.

கொசு அண்ணனை எந்த மிருகமும் மறப்பதில்லை. ஊதுவதற்கு முன் இடது புறங்கையால் உதட்டை ஒருமுறை துடைத்துக்கொள்வார். அவருக்கே தெரியாத பழக்கம். உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த பழக்கம். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த நான், குரங்குக் கூண்டருகே நின்று அதேபோல வாயைத் துடைத்தேன். நாற்பது குரங்குகள் கண்ணிமைப்பில் காணாமல் போயின. என்னைப் பார்த்து யாராவது பயந்தது வாழ்க்கையில் அது ஒருமுறைதான். இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

ஒராங்உட்டானுக்கு 'டீச்சர்' என்று பெயர். நாம் செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்ளும்வரை உற்றுப் பார்ப்பார். (அந்தப் பெயருக்குப் பிறகு 'அது' என்று எழுதக் கை வரவில்லை.) டீச்சரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, கொசு அண்ணனின் மனைவி. இது டீச்சருக்குத் தெரியக் கூடாது. ஊசி போடுகிறவனுக்கும் சோறு போடுகிறவளுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அக்கா கொடுக்கும் பழத்தையும் டீச்சர் தொடமாட்டார். அதனால் இருவரும் தனித்தனி வாசலில் நுழைகிறார்கள். அவர் ஊதி முடித்ததும் அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்து, டீச்சர் கண்ணெதிரே அவரைத் துரத்துவார். "வந்துட்டியா? எத்தன தடவ சொல்றது? ஓடுறா!" வீட்டில் 'ஏங்க' என்பதற்கு மேல் அக்காவின் குரல் எழும்பாது என்கிறார்கள்.

"நடிப்புதானே அண்ணே?" என்று கேட்டேன்.

"முதல் அடி நடிப்பு. ரெண்டாவது அடி, வீட்ல தலையணையெல்லாம் ஓட்டை போட்டதுக்கு" என்றார். தினமும் காலையில் தலையணையைச் சுவரில் சாத்தி, பேனாவால் ஒரு தொடை வரைந்து, பத்து ஊசி பயிற்சி எடுப்பவர் அவர்.

என் மதிய இடைவேளை டீச்சரோடு கழியும். கம்பிக்கு வெளியே நின்று என் கவிதைகளை மெல்லிய குரலில் வாசிப்பேன். டீச்சர் கம்பியருகே வந்து, கன்னத்தில் கை வைத்துக் கடைசி வரிவரை கேட்பார். நான் அனுப்பிய எந்தப் பத்திரிகையும் கடைசி வரிவரை போனதாகத் தகவல் இல்லை. இதை அக்காவிடம் பெருமையாகச் சொல்லியும் தொலைத்தேன். "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. நீங்க நிக்கிற பக்கந்தான் நிழல் விழும்" என்றார் அக்கா.

குழலைப் பற்றி ஒரு பலகை எழுதச் சொன்னார்கள். நூலகத்தில் மூன்று நாள் படித்துவிட்டு, கேன்டீனில் கொசு அண்ணனைப் பிடித்து உட்காரவைத்து அவர் தொழிலின் வரலாற்றை அவருக்கே விளக்கினேன். அமேசான் காட்டில் மரத்தை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொன்றிலும் பள்ளம் செதுக்கி, மறுபடி சேர்த்து வைத்துக் கட்டுவார்கள். அம்பின் பின்புறம் பஞ்சு சுற்றினால்தான் மூச்சு வீணாகாது. நுனியில் தடவிய விஷம் தசைகளைத் தளர்த்திவிடும். அதிலிருந்து பிறந்த மருந்துதான் பின்னாளில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனது. போர்னியோவில் பிளப்பதில்லை. கெட்டி மரத்தை நட்டுக்குத்தாக நிறுத்தி, மேடைமேல் நின்று இரும்புக் கம்பியால் நாள்கணக்கில் துளைப்பார்கள். அங்கேதான் ஒராங்உட்டான்களின் காடும் இருக்கிறது.

"அப்போ இவ என்மேல துப்புறது பரம்பரைப் பகைன்னு சொல்லு" என்றார்.

இன்னொன்றும் சொன்னேன். அந்தக் குழலை வேண்டுமென்றே கொஞ்சம் வளைவாகத் துளைப்பார்களாம். முனையில் ஈட்டி ஒன்றைக் கட்டியதும், அதன் பாரத்தில் குழல் நேராகிவிடுமாம்.

அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு, தன் குழாயைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "அறிவுடா" என்றார். பிறகு, "அவங்க சாப்பிடுறதுக்கு ஊதுனாங்க. நாம இவங்களைச் சாப்பிட வைக்க ஊதுறோம். பலகையில இதையும் எழுதிக்க" என்றார். மூன்று நாள் படித்ததில் எனக்கு இது கிடைக்கவில்லை.

போன மாதம் ஒருநாள் கொசு அண்ணன் டாக்டரம்மாவிடம் போய், "டீச்சர் நாலு நாளா என்மேல துப்பல மேடம்" என்றார்.

"சந்தோஷப்படுங்க."

"இல்ல மேடம். தொட்டிகிட்ட போறா, வாயில எடுக்குறா, ஒழுக விட்டுடுறா. வாய்க்குள்ள என்னவோ இருக்கு."

மறுநாள் டீச்சர் பழத்தைத் தொடவில்லை. அதற்கு மறுநாள் இடது கன்னம் வீங்கியது. கடைவாய்ப் பல்லில் சீழ். தாடை எலும்புக்குள் இறங்கிவிட்டால் தன் கையில் இல்லை என்றார் டாக்டரம்மா. மயக்க ஊசி போட்டுப் பல்லை எடுத்தாக வேண்டும், உடனே. டீச்சர் உள்ளறைக்குப் போய், மூலையில் முதுகைச் சாய்த்து, ஒரு கோணிச் சாக்கைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கொசு அண்ணன் தோட்டக்காரராக, எலக்ட்ரீஷியனாக, ஒருமுறை அக்காவின் மேல்கோட்டிலும் போய்ப் பார்த்தார். சாக்கு விரலளவும் இறங்கவில்லை.

"நீ ஊது" என்றார் என்னிடம்.

"நானா?"

"உன்னைக் கண்டாதான் சாக்கை இறக்குவா. கத்துக்க."

முற்றத்தில் தலையணையை வைத்தார்கள். நான் குழலில் வாயை வைத்து, ஒரு காவியத்துக்குத் தேவையான மூச்சை இழுத்து ஊதினேன். ஊசி குழலின் முனையில் எட்டிப் பார்த்து, என் செருப்பின்மேல் விழுந்தது.

"ஊதாத, துப்பு. தர்பூசணி விதையத் துப்புறியே, அந்த மாதிரி. கன்னத்துல இருக்கிற காத்து பலூனுக்குத்தான் ஆகும். வயித்துலேந்து வரட்டும்."

இரண்டாவது ஊசி தலையணைக்கு மேலே பறந்து எங்கேயோ போனது. ரோஸ் குஞ்சத்தின் அருமை அப்போதுதான் புரிந்தது. ஐந்தாவது முடிந்ததும் அவர் குழலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "சரி விடு. நீ கவிதையே படி."

திட்டம் இதுதான்: கம்பியருகே நின்று நான் வாசிப்பேன். டீச்சர் சாக்கை விட்டுவிட்டு என்னிடம் வருவார். பக்கச் சுவரின் சின்ன ஜன்னலிலிருந்து கொசு அண்ணன் ஊதுவார். அன்று இரவு நான் தூங்கவில்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு வாசகர். அவரை நானே காட்டிக்கொடுக்க வேண்டும். அதுவும் என் கவிதையை வைத்தே.

காலையில் வாசித்தேன். காலி நாற்காலியைப் பற்றிய கவிதை. இன்றைய கவிதைகளில் பாதி காலி நாற்காலிகளைப் பற்றியவைதான். என் பங்குக்கும் ஒன்று இருக்கட்டும் என்று எழுதியது. மூன்றாவது வரியில் சாக்கு இறங்கியது. ஆறாவது வரியில் டீச்சர் எழுந்து, வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கியபடி நடந்து வந்து, கம்பியோரம் எனக்கெதிரே உட்கார்ந்தார். உள்ளறையில் நிழலுக்கென்று தனியிடம் எதுவும் கிடையாது. இதை அக்காவிடம் பிற்பாடு குறிப்பிட்டுச் சொன்னேன்.

ப்த்.

தொடையில் ரோஸ் குஞ்சம். டீச்சர் அதைப் பிடுங்கினார். உற்றுப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு விரலால் அதைக் கம்பி வழியாக என்னிடம் நீட்டினார், என் பொருளை என்னிடமே ஒப்படைப்பதுபோல. வாங்கிக்கொண்டேன். கவிதையில் இன்னும் நாலு வரி இருந்தது. வாசிக்கவில்லை.

பல்லை எடுத்தாகிவிட்டது. ஆனால் சீழ் தாடைக்குள் இறங்கியிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "நாள் போகப் போகத்தான் தெரியும்" என்றார் டாக்டரம்மா. விழித்த டீச்சர் யாரையும் வாயைப் பார்க்க விடவில்லை. கூழ் குடித்தார், முதுகைத் திருப்பிக்கொண்டார். கொசு அண்ணன் வேஷத்தையெல்லாம் விட்டுவிட்டு, தினமும் தன் சொந்தச் சட்டையில் போய்த் தூரத்தில் நின்றார். குழல்கூட இல்லை. பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்புவார்.

"துப்பல" என்பார் என்னிடம். வேறு பேச்சில்லை. தலையணைப் பயிற்சியையும் விட்டுவிட்டாராம். "ஓட்டை போட்டாக்கூடப் பரவால்ல, இப்படி உக்காந்திருக்காதீங்கன்னு சொல்லிட்டேன் தம்பி" என்றார் அக்கா. அவர் முகத்திலும் களை இல்லை.

பத்தாம் நாள் மதியம் மன்னிப்புக் கேட்கும் உத்தேசத்தோடு போனேன். அதற்கென்றே ஒரு கவிதை எழுதியிருந்தேன், சுமாராக வந்திருந்தது. டீச்சர் தொட்டியருகே இருந்தார். என்னைக் கண்டதும் குனிந்து நிமிர்ந்தார். கன்னம் புடைத்திருந்தது. மறுபடி வீங்கிவிட்டது என்றே நினைத்தேன். வீக்கம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதைக் கவனிக்கும் அறிவு எனக்கு வருவதற்குள் கையிலிருந்த காகிதத்தில் தலைப்பு நனைந்துவிட்டது. அடுத்த நொடி மொத்தக் கவிதையும்.

நான் போட்ட கத்தலில் கொசு அண்ணன் ஓடி வந்தார். என் சட்டையைப் பார்த்தார். சொட்டும் காகிதத்தைப் பார்த்தார். "எவ்ளோ தூரத்துலேந்து?" என்றார். காட்டினேன். காலடி வைத்து அளந்தார். ஆறு.

டீச்சர் அதற்குள் மறுபடி தொட்டிக்குப் போய், நிரப்பிக்கொண்டு வந்து, அவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா வழக்கம்போலத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பாய்ந்து வந்தார். கொசு அண்ணன் திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி அவரை நிறுத்தினார். மறு கையால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஓரடி முன்னால் போய் நின்றார்.