கேட்டருகே நின்ற ஆட்டோ

பெட்ரோலுக்கு வரிசையில் நின்றோமே, அதற்கு அடுத்த மழைக்காலம் அது. திம்புள்ள ரோட்டில் மண் சரிந்து மகனுடைய ஆட்டோ புதைந்துபோனது. அந்த ரோடு எப்போதும் அப்படித்தான், அது வேறு கதை. மகன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆட்டோ ஓடினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். மண் அள்ளியவர்கள் அதை எங்கே போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

தேடித் தேடி, ஹட்டனில் பழைய வாகனங்களை உடைத்து விற்கும் ஒருவரிடம் போனேன். ஒல்லியான மனிதர், காதை மூடிய கம்பளித் தொப்பி. எந்த வண்டி வந்தாலும் அதிலுள்ள சாமிப் படத்தை முதலில் கழற்றிக் கொட்டகைக்குள் பத்திரமாக வைத்துவிடுவார். மகனின் ஆட்டோ நம்பர் பிளேட் இல்லாமல் கேட்டருகே நின்றது.

"இது நம்ம வண்டிங்க," என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க பெரியவரே. உள்ளுக்கு என்ன சாமி இருந்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

"முருகன். பக்கத்துல மாதா. முன்னுக்கு வண்டிய வச்சிருந்தவரு ஒட்டுனது, மகன் எடுக்க மாட்டேன்னுட்டான்."

அவர் உள்ளே போய் இரண்டு படங்களையும் துடைத்துக் கொண்டுவந்தார்.

"ஒடைக்கலாம்னு பொலிஸ்ல சொல்லிட்டாங்க. எனக்குத்தான் மனசு வரல, தேடி வர்றவங்க கண்ணுல படட்டும்னு கேட்டு பக்கத்துல நிப்பாட்டி வச்சேன். ரெண்டு பேரையும் சேத்து வச்சவன் தேடி வராம இருப்பானா? வாங்க, பொலிசுக்கு நானும் வந்து சொல்றேன்."

அவருக்கு என்ன லாபம் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ஆட்டோ வீடு வந்து சேர்ந்துவிட்டது. இப்போது கேட்டருகே அந்த இடத்தில் ஒரு நீல வேன் நிற்கிறது. கொத்மலைப் பக்கம் வேனைத் தொலைத்தவர் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள். உள்ளே என்ன சாமி என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்.