டீமை விட்டிட்டுப் போங்கோ

போன ஞாயிறு சிட்னி கிரவீனில் ஒரு நண்பர் வீட்டில் மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு விசர் வந்தது. ரோல்ஸில் ஒரு பிழையும் இல்லை. தொலைக்காட்சியில் நாலு பேர் கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு சிறிய நகரத்துக் கால்பந்து அணியைப் பெரிய நகரத்துக்குக் கொண்டுபோகலாமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே பார்க்கச் சனம் இல்லையாம். பெரிய நகரம் என்றால் அரங்கு நிறையுமாம். சோபாவில் சாய்ந்திருந்த ஒருவர், வங்கியில் வேலை செய்கிறவர், "கொண்டு வரத்தானே வேணும்? அங்க ஆடும் மாடும்தானே நிக்குது" என்றார்.

"ஆடும் மாடும் நிண்டா உமக்கென்ன?" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. மனைவி என் தொடையில் கிள்ளினாள். மிச்ச ரோல்ஸை வாய்க்குள் தள்ளிக்கொண்டேன். அங்கே சொல்லாததை உங்களிடம் சொல்லித் தீர்க்கிறேன், நீங்கள் கிள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.

ஆட்டிறைச்சி மணம் எனக்குச் சமையல் மணம் அல்ல. அது ஒரு டவுனின் மணம். சிட்னியிலிருந்து காரில் ஆறு மணி நேரம். பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், ஆகவே சொல்லவில்லை. ஒரு மெயின் ரோட், இரண்டு பப், ஒரு இறைச்சித் தொழிற்சாலை. அங்கே நாங்கள் பதின்மூன்று தமிழர் ஆடு உரித்தோம். எல்லோரும் படகில் வந்தவர்கள். பெரிய நகரங்களுக்கு வெளியே மூன்றரை வருஷம் வேலை செய்தால்தான் அடுத்த விசாவுக்குக் கேட்கலாம் என்று எங்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அந்த மணம் சோப்புக்கும் மசியாது, தேசிக்காய்ப் புளிக்கும் மசியாது. ஒருமுறை எங்களோடு விளையாட வந்த சிட்னி டீம், கோர்னர் கிக்குக்கு எங்களுக்குப் பக்கத்தில் நிற்கவே கூச்சப்பட்டது. அந்தக் கூச்சத்தில் நாங்கள் இரண்டு கோல் போட்டோம்.

ஓம், எங்களுக்கு ஒரு டீம் இருந்தது. டவுனின் பெயர்தான் டீமின் பெயர். மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, தூத்துக்குடி அகதி முகாமில் வளர்ந்த ஒருவர் என்று கலந்து கட்டிய டீம். வேலை மூன்று மணிக்கு முடியும், மூன்றரைக்குப் பந்து உருளும். ஆர் எவடம், எந்த ஊர் என்று கேட்க நேரமிருக்காது. நான் பின்வரிசை. முப்பத்தெட்டு வயது, இடது முழங்கால் கதவுக்கீல் மாதிரிச் சத்தம் போடும். என்னைத் தாண்டிப் போகிறவனுக்குப் பெரிய கஷ்டம் ஒன்றும் இருந்ததில்லை. ஆனாலும் பின்னால் சீலன் நின்றான்.

சீலன்தான் கோல் கீப்பர். மன்னார்ப் பொடியன், எங்கள் எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தவன். விளையாட்டுத் தொடங்கமுதல் இரண்டு கம்பத்தையும் தொட்டுச் சிலுவை போடுவான். கவுன்சிலுக்கு ஏழு தரம் நடந்து, அரைகுறை இங்கிலீசில் கெஞ்சி, அந்த மைதானத்தை எங்களுக்கு வாங்கித் தந்தவன் அவன். கோடு போடுவதும் வலை கட்டுவதும் அவன். மைதான ஓரத்து மரத்தில் ஒரு மக்பை குடியிருந்தது. அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவை வசந்தத்தில் குஞ்சு பொரித்தால் போகிற வருகிறவன் மண்டையெல்லாம் கொத்தும். சீலன் அதற்கு நாளும் ஒரு துண்டு இறைச்சி போட்டுச் சிநேகம் பிடித்துவிட்டான். எங்கள் முகமும் அதற்குப் பழகிவிட்டது. பிறகென்ன, வெளியூர் டீம் வந்தால் அவர்களை மட்டும் விரட்டி விரட்டிக் கொத்தும். அவர்கள் தலையைப் பொத்திக்கொண்டு ஓட, நாங்கள் பந்தைக் கொண்டு ஓடுவோம். இதை வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததற்குள் தலைவர் வந்து மண் அள்ளிப் போட்டார். அவரும் எங்களோடு ஆடு உரித்தவர்தான். ஆனால் டீம் தொடங்கிய நாளிலிருந்து தன்னைத் தலைவர் என்று கூப்பிடச் செய்த மனுஷன். மூன்றரை வருஷம் முடிந்ததும் எங்களில் பாதிப்பேர் சிட்னிக்குப் போக ஆயத்தமானோம். போவது அவரவர் பாடு. ஆனால் தலைவர், டீமையும் கொண்டுபோக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். என் வீட்டுக் குசினியில் கூட்டம் வைத்தோம். பதின்மூன்று பேர், ஐந்து கதிரை.

"இங்க ஆர் எங்களைப் பாக்கினம்? கங்காருதான் பாக்குது. சிட்னியில ரூர்னமெண்ட் இருக்கு, ஸ்பொன்சர் இருக்கு, சனம் இருக்கு" என்றார் தலைவர்.

சீலன் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றான். அவனுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் கிடந்தது. அவன் கத்தவில்லை.

"அண்ணை, நீங்கள் போங்கோ. டீமை விட்டிட்டுப் போங்கோ. மாசாமாசம் ஃபக்டரிக்குப் புதுப் பொடியள் வருகினம். நான் அவையளைச் சேர்த்து நடத்துவன். எனக்கு இங்க வேற என்ன கிடக்கு?"

"விசர்க்கதை கதையாதை. விசா முடிய நீயும் வா. கோல் உனக்குத்தான்" என்றார் தலைவர்.

கை தூக்கச் சொன்னார்கள். கொண்டுபோக ஆறு, விட்டுவிட ஆறு. மிஞ்சியது நான். என் மண்டைக்குள் அப்போது ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். இந்த முழங்காலோடு சிட்னியில் வேறு எந்த டீமும் என்னைச் சேர்க்காது. டீம் வந்தால் நானும் விளையாடலாம். அவ்வளவுதான். அந்தக் கோதாரி விழுந்த கையைத் தூக்கினேன். சீலன் என்னைப் பார்த்தான், பிறகு தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக் கழுவத் தொடங்கினான்.

தலைவர் ஜேர்சியை எடுத்தார், நாங்கள் வென்ற கோப்பையை எடுத்தார், மைதானப் பூட்டின் திறப்பைக் கவுன்சிலில் திருப்பிக் கொடுத்தார். அதைச் சீலனிடம் கொடுத்தால் கை தேய்ந்துவிடுமா? "வலையையாவது விடுங்கோவன்" என்று அவன் கேட்டான். சிட்னியில் தேவைப்படும் என்றார். சிட்னி மைதானங்களில் வலை கட்டியே இருந்தது. எங்கள் வலை தலைவரின் கராஜில் எலிக்குப் படுக்கையானது. சிட்னிக்குப் புறப்பட்ட அன்று, என் வான் வண்டியில் அந்த வலையை மடித்து ஏற்றித் தந்ததும் சீலன்தான். எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் அன்றே விலகிவிட்டான்.

மற்றவர்களும் சில மாதத்தில் விசாக் காலம் முடிந்து வந்து சேர்ந்தார்கள். பெண்டில் ஹில் பக்கம் ஒரு பார்க்கில் பயிற்சி. முதல் கிழமை பதினொரு பேர், அடுத்த மாதம் ஏழு பேர். சிட்னியில் டீம் என்றால் ஊர் டீம், இல்லையென்றால் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் டீம். பார்க்கிங்கில் இறங்கினாலே "தம்பி எவடம்?" என்று ஒருவர் வருவார். மன்னார்க்காரனை மன்னார்க்காரர் கூட்டிப்போனார்கள், பள்ளிக்கூடத்தானைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனது. தூத்துக்குடிக்காரர், "நமக்கு இங்க ஊரே கிடையாதுப்பா" என்று சிரித்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போனார். இரண்டாவது வருஷ ரூர்னமெண்டில் எங்கள் பெயரில் டீமே இல்லை. தலைவர் தன் ஊர் டீமின் கூடாரத்தில், புதுத் தொப்பியோடு, அங்கேயும் தலைவராக நின்றார். நாசமாய்ப் போக! என்னை ஒருவரும் எவடம் என்று கேட்கவில்லை. முழங்கால் விஷயம் பரவியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்குச் சீலன் எனக்கு ஃபோன் எடுப்பான். எனக்கு மட்டும்தான் எடுத்தான். "அண்ணை, மட்ச் என்ன மாதிரி?"

டீம் கரைகிறதை முதல் தடவை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ரெண்டுக்கு ஒண்டு, வெண்டிட்டம்" என்றேன். அடுத்த கிழமை மழை என்றேன். பிறகு எனக்குப் பழகிவிட்டது. ஆர் கோல் அடித்தது, ஆருக்குக் காலில் பட்டது என்று கதை கட்டினேன். சந்தேகம் வராமல் இருக்க இடைக்கிடை தோற்றோம். நான் அடிக்காத கோல் ஒன்றைக்கூட அடித்தேன். "நீங்களோ?" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரிக்கச் சிரிக்க எனக்கு உள்ளே எரிந்தது, ஆனாலும் சொல்லவில்லை. மற்றவர்களும் சொல்லவில்லை. அவனுக்கு ஃபோன் எடுக்கவே அவர்களுக்கு முகமில்லை.

ஒரு ஞாயிறு அவன் மட்ச் பற்றிக் கேட்கவில்லை. "அண்ணை, எனக்கு மூண்டரை வருஷம் முடிஞ்சுது. இனி எங்கயும் போகலாம். வேலைக்குச் சொல்லிப்போட்டன், ரெண்டு கிழமையில வாறன். இப்ப நிக்கிற கீப்பரை ஒண்டும் சொல்லாதேங்கோ, நான் கொஞ்ச நாள் பெஞ்சில இருக்கிறன்."

நான் கார்த் தரிப்பிடத்துக்குப் போய் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருஷத்துக்கு மேலான பொய்யும் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப என்னத்துக்கு அண்ணை கொண்டு போனனீங்கள்?" என்றான்.

நான் வாய் திறக்கமுதல் அவன் ஃபோனை வைத்துவிட்டான்.

சீலன் சிட்னிக்கு வரவில்லை. அங்கேயே நின்றுவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். மைதானம் இப்போது அந்த ஊர்க் கிரிக்கெட் கிளப்பிடம் இருக்கிறதாம். ஃபக்டரிக்கு வருகிற புதுப் பொடியள் வேலை முடிந்ததும் அறைக்குப் போய்ப் படுக்கிறார்களாம். நாங்கள் பன்னிரண்டு பேரும் சிட்னியில் ஒருவருக்கொருவர் இருபது நிமிஷத் தூரத்தில் இருக்கிறோம். பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டிலும் செத்த வீட்டிலும் காண்கிறோம், பால்கோப்பி குடிக்கிறோம், வீட்டு விலை கதைக்கிறோம். ஒருவனும் டீமின் பெயரை எடுப்பதில்லை. ஞாயிறு நாலு மணிக்கு எனக்கு இப்போது ஃபோன் வருவதில்லை.