இடுப்பில் கட்டிய ரொட்டி

குளோரின் போட்ட தண்ணீரின் வாசனை எங்கே வந்தாலும் அதன் பின்னாலேயே மிளகாய் இடித்துச் செய்யும் கட்டச் சம்பலின் காரமும் என் மூக்கில் ஏறிவிடும். மகளின் நீச்சல் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்திருக்கும்போதுகூட இதுதான் நடக்கிறது. இரண்டையும் நான் முதன்முதலில் சேர்த்து முகர்ந்தது பதினொரு வயதில், கொழும்புக்குப் பக்கத்திலிருந்த ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில், உடை மாற்றும் அறைகளுக்குப் பின்னால், ஈரத் தலையோடு குந்தியிருந்து ரொட்டி தின்றபோது.

அப்போது நாங்கள் நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து மலையில். கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்த சித்தப்பா திருவிழாவுக்குக்கூட ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். அவர் அந்த வருடம் பள்ளி விடுமுறையில் தோட்டத்துக் கடைக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோரும் வாருங்கள், பூங்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம், மூத்தவளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள் என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்கும் தம்பி ரவிக்கும் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு, "அது ஏன் மூத்தவள மட்டும் தனியா சொல்றாரு?" என்று கேட்டார். மூத்தவள் நான்தான், மலர்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. அடுத்த லயத்தில் என்னோடு படித்த ஒருத்தியை அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். தீபாவளிக்கு அவள் வந்தபோது தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் "ம்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து கொழும்பிலிருந்து வரும் எந்த நல்ல சேதியையும் அம்மா நம்புவதில்லை.

ஆனாலும் போவதென்று முடிவானது. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்றும், உள்ளே ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒருவரின் ஒரு நாள் "பேரு", அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும் என்றும் அப்பா விசாரித்து வந்தார். நாலு பேர், நாலு தட்டு. அம்மா மாவைப் பிசைந்தார். தேங்காய்ப்பூ போட்ட தடித்த ரொட்டிகளைச் சுட்டு, கட்டச் சம்பலை வாழையிலையில் பொதிந்து, எல்லாவற்றையும் தன் "படங்கு"க்குள் வைத்துச் சுருட்டினார். தேயிலைச் செடியின் குச்சிகள் குத்தாமலிருக்கப் பெண்கள் சேலைக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டும் முரட்டுத் துணிதான் படங்கு. அன்றைக்கு அம்மா அதைச் சேலைக்கு உள்ளே கட்டிக்கொண்டார்.

பூங்கா வாசலில் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த காவல்காரப் பெண் அம்மாவின் இடுப்பைப் பார்த்தாள். நான் அப்பாவின் பின்னால் ஒதுங்கினேன். அவளோ முகம் மலர்ந்து சிங்களத்தில் ஏதோ சொல்லி, வரிசையை விலக்கி, அம்மாவைக் கையைப் பிடித்து முதலில் உள்ளே அனுப்பினாள். அம்மா ஒரு கையை இடுப்பில் ஊன்றி மெல்ல நடந்தார். அப்பா என் காதில், "ஒங்கம்மா முழுகாம இருக்கான்னு அந்தப் புள்ள நெனச்சிருச்சு. பொறக்கப்போறது ரொட்டின்னு அதுக்குத் தெரியுமா?" என்றார்.

உள்ளே போனதும் சித்தப்பா ஆளுக்கொரு மஞ்சள் அட்டையைக் கொடுத்தார். அது மதியச் சாப்பாட்டு அட்டை; கோழி போட்ட ஃபிரைட் ரைஸ். நுழைவுச் சீட்டோடு அதற்கும் காசு கட்டிவிட்டாராம். கையிலிருந்த அட்டையை நான் ஒருமுறை முகர்ந்துகூடப் பார்த்தேன். அம்மா நாலு அட்டைகளையும் வாங்கிச் சுருக்குப் பையில் போட்டு முடிந்துகொண்டார்.

மதியம்வரை தண்ணீரில் சறுக்கினோம். எனக்கு அதில் பாதி மனம்தான் இருந்தது. சித்தப்பா அடிக்கடி என்னைப் பார்ப்பது போலவும், நான் ரவியைத் தூக்கிக்கொண்டு போகும்போது கவனிப்பது போலவும் தோன்றியது. அம்மாவும் தண்ணீரில் கால்கூட வைக்காமல், கரையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மண்டபத்திலிருந்து பொரித்த கோழி மணம் வந்ததும் சித்தப்பா எழுந்து, "வாங்க அண்ணி, காசு கட்டியாச்சு. திங்கலன்னாலும் திருப்பித் தரமாட்டான்" என்றார். பிள்ளைகளுக்குத் தலை துவட்டிவிட்டு வருகிறோம், நீங்கள் போங்கள் தம்பி என்று அம்மா அவரை முன்னால் அனுப்பிவிட்டு, எங்களை உடை மாற்றும் அறைகளுக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் படங்கை அவிழ்த்தார்.

ரொட்டி அம்மாவின் உடம்புச் சூட்டில் வேர்த்து, ஓரம் ரப்பராகிக் கிடந்தது. ரவி அழுதான். காசு கட்டிய சோற்றை ஏன் விட வேண்டும், இதில் யாருக்கு என்ன மிச்சம் என்று நான் கேட்டேன். அம்மா சம்பலைப் பிய்த்து என் ரொட்டியில் வைத்தபடி, "கேக்காம கையில குடுக்குறது என்னான்னு சம்பளத்தன்னைக்குத்தான் தெரியும்" என்றார். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அது புரிந்தது. அரிசியோ மாவோ பண்டிகை முற்பணமோ, சிரித்துக்கொண்டு கொடுத்த எதுவும் சம்பள நாளில் வெட்டுப்படாமல் போனதில்லை. ஆனால் சித்தப்பா எங்களிடம் எதை வெட்டுவார் என்று யோசித்தபடி ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் இரண்டு ரொட்டி தின்றார்.

சித்தப்பாவிடம், பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மாலையில் எங்களை ரயிலேற்ற வந்தபோது, நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து சித்தப்பா அப்பாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தார். "அண்ணே, மொதலாளி வீட்டுல கைக்கொழந்த ஒன்னு இருக்கு. பாத்துக்க நம்ம புள்ளயா ஒன்னு இருந்தா நல்லாருக்கும்னு கேக்குறாங்க. மலர விட்டீங்கன்னா, பெறகு படிக்கவும் வப்பாங்க."

அப்பா தண்டவாளத்தைப் பார்த்தார். முடியாது என்று ஒரு சொல் சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. அம்மாதான் சுருக்குப் பையை அவிழ்த்து, மஞ்சள் அட்டைகளை எடுத்து, சித்தப்பாவின் மடியில் வைத்தார்.

"பாத்துக்கங்க தம்பி, நாலும் இருக்கு. ஒங்க சோத்த நாங்க திங்கல."

"என்னா அண்ணி இது, நான் கெடுதலுக்கா சொல்றேன்?"

"கெடுதல்னு நான் சொல்லலங்க. டிக்கட்டு காசும் ஒங்களுக்கு வந்துரும். புள்ள ஊருக்குத்தான் வருது."

அந்த வேலையை மனத்தில் வைத்துத்தான் சித்தப்பா எங்களை அழைத்தாரா, அல்லது முதலாளி கேட்டதை வழியில் சொல்லிப் பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுத மாட்டேன். அம்மா அந்தச் சோற்றைத் தின்றிருந்தால் அந்த வாங்கில் அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

நான் பள்ளிக்கூடம் போனேன். பிறகு பதுளையில் ஒரு காரியாலயத்தில் வேலைக்கும் போனேன். போன விடுமுறையில் என் பிள்ளைகளோடு அம்மாவையும் அதே பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். மஞ்சள் அட்டைகள் இப்போது இல்லை. கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். உடை மாற்றும் அறைகளின் பின்புறத்தில் கட்டடம் எழும்பிவிட்டது. சித்தப்பாவும் இல்லை, நாங்கள் இருந்த லயமும் இல்லை. அம்மாவின் படங்கு எப்போது, எங்கே போனது என்று அவருக்கே நினைவில்லை. நுழைவுச் சீட்டு வாங்கும்போது, சாப்பாடும் இதில் சேர்த்தியா, பிறகு ஏதாவது கேட்பீர்களா என்று நான் இரண்டு முறை கேட்டதில் அங்கிருந்த பையன் சலித்துக்கொண்டான்.

மேசையில் கோழியும் சோறும் வந்தன. பிள்ளைகள் பாதி தின்றுவிட்டார்கள். அம்மா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"யாரு காசு?"

"என் காசும்மா."

"ஒங்காசுதானே?"

"ஆமாம்மா. என் சம்பளம்."

அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.