எருக்க நாண்

பறவைகளை எல்லோருக்கும் பிடிக்கும் என்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. ஒன்பது வயதில் சோளக்கொல்லைப் பரண்மேல் உட்கார்ந்து நாள் முழுக்கத் தகரம் தட்டிய யாருக்கும் பிடிக்காது.

வேப்பந்தட்டைக்கு மேற்கே விளைச்சலில் பங்கு தருவதாகப் பேசி அப்பா முதன்முதலாக ஒரு கொல்லையை வாரத்துக்கு எடுத்திருந்த வருஷம் அது. அதுவரை எங்கள் வீட்டில் எவரும் தமக்கென்று ஒரு விதை போட்டதில்லை. எல்லோரும் பிறர் கொல்லையில் கூலிக்கு உழைத்தவர்கள். சோளம் பால்பிடித்ததும் அப்பாவின் நடையே மாறிவிட்டது. அந்தக் கதிர் வீடு வந்து சேர்ந்தால் அவரும் வெள்ளாமைக்காரர், இல்லையென்றால் பழையபடி கூலிக்காரர். அம்மா இதை வாய்விட்டே சொன்னாள்.

கிளிகளை விரட்ட அப்பாவிடம் ஓர் உண்டிவில் இருந்தது. ரப்பர் கவட்டை அல்ல, மூங்கிலை வளைத்துச் செய்த நிஜமான வில். அம்புக்குப் பதில் காய்ந்த களிமண் உருண்டை. கூலிக்குப் போகுமுன் காலையில் அவர் நாலு உருண்டை விட்டால் போதும், கிளிக்கூட்டம் வெகுநேரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. கதிர் முற்றும் நேரம் பார்த்து வில்லின் நாண் நைந்துபோனது. புது நாண் திரிக்க எருக்கங்குச்சிகளை வெட்டி வந்து, இலையுருவி, வேலிமேல் வெயிலில் பரப்பினார்.

“மூணு நாளு காயட்டும் பாப்பா. அதுவரைக்கும் நீயும் அம்மாவும் தகரத்த வுடாம தட்டுங்க.”

மூன்று நாளா! என் உள்ளங்கை ஏற்கெனவே கொப்பளித்திருந்தது. அந்த வயதில் எனக்கு யோசனைகளுக்குக் குறைவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கயிறு திரிக்கக் கற்றாழையைக் குட்டையில் ஊறப்போட்டுத்தான் நார் எடுப்பார். எருக்குக்கும் அதையே செய்தால் என்ன? அப்பா வேலைக்குப் போனதும் குச்சிகளைக் குட்டையில் அமுக்கினேன். அவர் திரும்புமுன் மறுபடி வேலியில் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் இப்படி.

மூன்றாம் நாள் பட்டை சுலபமாக உரிந்து வந்தது. “என்னாடி இது, இம்புட்டு லேசா வருது!” என்று அப்பா அம்மாவிடம் ஆச்சரியப்பட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் உருண்டை பறந்ததும் விஷயத்தைச் சொல்லிப் பாராட்டு வாங்குவதாக இருந்தேன். அப்பா நாரைத் தொடையில் வைத்து உருட்டி, முறுக்கேற்றி, மூன்று நாண் திரித்தார்.

விடிந்ததும் கொல்லையில் நாண் ஏற்றி இழுத்தார். அறுந்தது. அடுத்ததும் பாதி இழுப்பிலேயே போனது. மூன்றாவது அறுந்த வேகத்தில் வில்லே நடுவில் பிளந்தது. அப்பா அறுந்த நுனியை விரலால் நசுக்கினார். துகளாக உதிர்ந்தது.

“பாப்பா, இத தண்ணியில கிண்ணியில போட்டியா?”

எருக்க நார் ஊறினால் இற்றுப்போகும் என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது.

“இல்லப்பா.”

“நெசமா?”

“நெசமாப்பா.”

என் மகளுக்குப் பொய்யே வராது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தவர் நம்பிவிட்டார். பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். அடி விழவில்லை, எனக்கு உயிர் வந்தது.

வேறு வில்லுக்கு மூங்கில் பதப்பட மாதக்கணக்காகும். நானும் அம்மாவும் தொண்டை கட்டும்வரை கத்தினோம். கிளிகள் எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அறுத்தபோது பெரும்பாலும் வெறும் உமி. நிலத்துக்காரர் பங்கு போக மிஞ்சியது ஒரு கூடையில் அடங்கிவிட்டது. அந்தக் கூடையை அம்மா இரண்டு நாள் தொடவே இல்லை.

மறுவருஷம் நல்ல மழை. நிலத்துக்காரரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“இந்த வருசமும் கொல்லைய நீயே பாத்துக்கிறியாப்பா?”

அப்பா குனிந்து தன் கைகளைப் பார்த்தார். “வேண்டாங்கய்யா. எங் கைக்கு வெள்ளாம ஆவாதுங்க. கூலிக்கே வந்துடறேன்.”

அதன்பின் சாகும்வரை அவர் ஒரு காணி நிலத்தையும் யாரிடமும் கேட்கவில்லை. தன் கையில்தான் கோளாறு என்று நம்பியே போய்ச் சேர்ந்தார்.

நிலத்துக்காரரிடம் அவர் அப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை போதும், நான் சொல்லவில்லை. இனிமேல் கொல்லைக் காவல் இல்லை என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவள் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து, அவளுக்கும் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.