நான் போட்டுக்கொண்டேன். நீங்கள்?

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. எங்கள் குடியிருப்போர் சங்கக் குழுவில், தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற கேள்விக்கும் இன்று வராது என்ற பதிலுக்கும் நடுவே ஒரு வரி: 'ஜெபராஜ் டாக்டர் தவறிவிட்டார்.' யாரோ தப்பாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். முந்தின நாள் மாலைதான் அவரை முடிச்சூர் சாலையில் பார்த்திருந்தேன். நான் பார்க்காததுபோலத் தாண்டிப் போனேன். அவர் வழக்கம்போலக் கையைத் தூக்கினார். சங்கச் செயலாளர் மூர்த்திக்குப் போன் செய்தேன்.

"ஆமா சார். காலைல வாக்கிங் போய்ட்டு வந்து ஷூவக் கழட்டிட்டு இருந்திருக்காரு. அப்படியே சாஞ்சிட்டாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." மூர்த்தி முடிக்கவில்லை. பிறகு, "நீங்க வருவீங்களா சார்?" என்று கேட்டார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது டாக்டரை அறிந்த உங்களுக்குத் தெரியும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜெபராஜ் முடிச்சூரில் கிளினிக் வைத்திருந்த பொது மருத்துவர். நான் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறவன். நம் பகுதியின் இந்த வார இதழில் அவ்வப்போது எழுதுகிறவன். கொரோனா ஊசிக் காலத்திலிருந்து எங்கள் இருவருக்கும் ஆகாது.

அது தொடங்கியது ஒரு கல்யாண மண்டபத்தில். எல்லா வார்டும் நூறு சதவீதம் ஊசி போட்டு முடிக்க வேண்டும் என்று அப்போது ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. நம் வார்டை முதலில் கொண்டுவருவது என்று டாக்டர் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு மூலையிலும் அவர் படம் போட்ட பேனர். நர்ஸ் ஊசியைக் குத்துகிறார், டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சிரிக்கிறார், கீழே மஞ்சள் எழுத்தில் 'நான் போட்டுக்கொண்டேன். நீங்கள்?' சங்கம் கூட்டிய பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன்: "இலக்கு இலக்கு என்கிறீர்கள். அதை யார் தலையில் சுமத்துகிறீர்கள்? வாட்ச்மேனிடமும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களிடமும் வாசலிலேயே சான்றிதழ் கேட்கிறார்கள். ஃபிளாட் சொந்தக்காரர்களிடம் யாராவது கேட்டீர்களா?"

கேள்வி நியாயமானது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். டாக்டர் மைக்கை வாங்கினார்.

"நம்ம கணக்கு வாத்தியாருக்கு ஊசின்னா பயம் கிடையாது. அடுத்தவன் சொல்லிப் போட்டுக்கணுமேன்னுதான் பயம்."

மண்டபமே சிரித்தது. நான் அதற்கு வெகு நாள் முன்பே குரோம்பேட்டையில் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டவன். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார். துறைத் தலைவராக வேண்டிய என்னைத் தள்ளிவைத்த கல்லூரியைக்கூட நான் அவ்வளவு நாள் மனத்தில் வைத்துக் கறுவியதில்லை. அதற்கடுத்த வாரம் எங்கள் அடுக்ககத்தின் வாசலில் ஒட்டியிருந்த 'சான்றிதழ் இன்றி அனுமதி இல்லை' அறிவிப்பு காணாமல் போனது. டாக்டரே வந்து கிழித்தார் என்று வாட்ச்மேன் சொன்னார். என் வாதத்தை எடுத்துக்கொண்டார். அந்தக் கேலியை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் வேலை செய்த விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் மீன் விற்கும் செல்வியை ஊசிக்கு இணங்கவைக்க அவர் நின்று பேசிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்துக் கடையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னா டாக்டரே, ஊசி போட்டுக்கினா கை நோவுமாமே? நாளிக்கு உன் பொண்டாட்டி வந்து மீனு ஆய்வாளா?"

"அவ வரமாட்டா. நான் வரேன்."

"நீயா? ஊசி புடிக்கிற கை கத்தி புடிக்குமா?"

செல்வி அன்றே ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் டாக்டர் நிஜமாகவே வந்து பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். செல்வி வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று அதிகாரம் செய்தார்.

"அய்ய! வஞ்சிரத்தக் கைமா பண்ணிட்டியே டாக்டரே! இத்த எவன் வாங்குவான்?"

"நானே வாங்கிக்கிறேன்."

"வாங்கிக்கினுதான் போவணும், பின்ன!"

நாடகம் என்று நான் அடுத்த வாரம் எழுதினேன். பலகை ஈரம் காய்வதற்குள் அந்த மீன்கடை வரிசை முழுவதும் போய் ஊசி போட்டுக்கொண்டதையும் எழுதினேன், அது உண்மை என்பதால். அதைப் படித்துவிட்டு என்னை வழிமறித்தார். "புரொபசர், சண்டை போடறவன் எப்படியும் வந்துடுவான். சரி சரின்னு தலையாட்டிச் சிரிக்கிறானே, அவன்தான் வரமாட்டான். செல்வி சண்டை போட்டா, வந்தா. நீங்க எப்ப நம்ம பக்கம் வருவீங்க?" என்றார்.

மூர்த்தியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டாக்டரின் தெருமுனையில் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

அங்கே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. இரண்டு பக்கமும் ரோஜாப்பூ, எரியும் விளக்கு. நடுவில் டாக்டர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு சிரிக்கிறார். அவர் தோளில் ஊசி. கீழே பூமாலைப் படத்தில் பாதி மறைந்தும் மறையாமலும் மஞ்சள் எழுத்து: 'நான் போட்டுக்கொண்டேன். நீங்கள்?'

என் கண்ணை நம்ப முடியவில்லை. பேனரைக் கட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார் பிளக்ஸ் கடை கணேஷ்.

"என்னப்பா இது?"

"அவரு போட்டோல பெருசா அடிக்கிற மாதிரி இருந்தது இது ஒண்ணுதான் சார். கடை கம்ப்யூட்டர்லயே இருந்துச்சு. மத்ததெல்லாம் வாட்ஸ்அப்ல வந்தது, பெருசு பண்ணா உடைஞ்சிடும்."

"கீழ எழுதியிருக்கிறதப் படிச்சியா?"

அவர் திரும்பிப் பார்த்தார். வாயில் கை வைத்தார். "ஐயோ. மாலைல மறைஞ்சிடும்னு நெனச்சேன் சார்."

மறையவில்லை. பந்தலில் போட்டிருந்த நாற்காலிகளில் அதுதான் பேச்சு.

"பாத்தியா மச்சான், போட்டோவே சொல்லுது."

"சும்மா இருடா, எழவு வூட்ல."

"பின்ன? சிகரெட் கெடையாது, ஒண்ணு கெடையாது. டெய்லி நடக்கற மன்சன். எப்டிப் போவான்?"

அப்போது என் தோளை ஒருவர் தொட்டார். எங்கள் தெருவில் இருக்கும் ஏசி மெக்கானிக் சரவணன். அவர் மகளும் என் மகளும் ஒன்பதாம் வகுப்பில் ஒன்றாகப் படிக்கிறார்கள்.

"சார், நீங்க அன்னிக்கே சொன்னீங்க. இவருதான் கேக்கல."

"நான் என்ன சொன்னேன்?"

"ஊசி வேணாம்னு."

"நான் அப்படிச் சொல்லவே இல்லை சரவணன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "புரியுது சார். வெளிப்படையா சொல்ல முடியாது. ஆனா அடுத்த வாரம் ஸ்கூல்ல பொண்ணுங்களுக்குப் போடறாங்களே, அதுக்கு எம்பொண்ண நான் அனுப்பமாட்டேன். கிளாஸ்ல பாதிப் பேரு அனுப்பமாட்டாங்க, பாருங்க." சொல்லிவிட்டுக் கண்ணடித்தார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் டாக்டர் கிடந்தார். பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு நான் அந்தக் கண்ணடிப்பை வாங்கிக்கொண்டேன். மாணவிகளுக்கான அந்த ஊசி கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பது. நாடு முழுவதும் போடத் தொடங்கியிருக்கிறார்கள். நம் பள்ளிக்கு அதைக் கொண்டுவர டாக்டர் இரண்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தார். அவர் சாவே அதற்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. அந்தச் சாட்சிக்கு வக்கீல் நான்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கிரேஸ் அக்கா பேனர் வைத்தவர்கள்மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்து, கழற்றச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. கழட்டினா, பயந்து கழட்டிட்டாங்கன்னு சொல்வாங்க." பிறகு அவராகவே சொன்னார். "இந்த ஊசிங்க எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே அவருக்கு ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு. அவங்கப்பாவும் இப்படித்தான் போனாரு, அண்ணனும் இப்படித்தான். ஊருக்கெல்லாம் டெஸ்ட் எழுதிக் குடுப்பாரு. தான் மட்டும் செக்கப் போகமாட்டாரு. எத்தனை தடவ சொல்லியிருப்பேன்."

"இதை எல்லாரிடமும் சொல்லுங்கள் அக்கா."

"நான் சொன்னா பொண்டாட்டி பேசறான்னு விட்டுடுவாங்க. ஸ்கூல் ஹெச்.எம். சொன்னா டார்கெட்டுக்காகப் பேசறாங்கன்னுவாங்க. நீங்க சொல்லுங்க. நீங்கதானே அவரோட எதிரி."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல உங்களுக்கு அதான் பேரு. பேப்பர் வந்ததும் 'நம்ம எதிரி என்ன எழுதியிருக்கான் பாரு கிரேஸ்'ம்பாரு. நீங்க எழுதலன்னா அன்னிக்கு இட்லி இறங்காது. அவர வச்சு அந்தப் புள்ளைங்களுக்கு ஊசி நின்னு போச்சுன்னா நான் எப்படித் தம்பி தாங்குவேன்?" அதுவரை அழாதிருந்தவர் அப்போது அழுதார்.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. மேடையில் 'நூறு சதவீதம் நமது இலக்கு' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த எரிச்சலை அடக்கிக்கொண்டு பேசினேன். டாக்டருக்கு இதய நோய் எப்போதிருந்து இருந்தது என்பதைக் கிரேஸ் அக்காவின் அனுமதியோடு சொன்னேன். அந்தப் படத்தில் இருப்பது வேறு ஊசி, பல வருடம் முன் போட்டது என்றேன். "ஒருவர் இறந்ததை வைத்து ஊசி கொல்லும் என்று சொல்ல முடியாது. ஒருவர் பிழைத்ததை வைத்து ஊசி காக்கும் என்றும் சொல்ல முடியாது. ஏராளமான பேரை வருடக்கணக்கில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த ஊசிக்கு அப்படிப் பார்த்திருக்கிறார்கள். நான் அவரோடு சண்டை போட்டது அந்தப் போர்டில் இருக்கும் எண்ணைப் பற்றி. ஊசியைப் பற்றி அல்ல."

சரவணன் எழுந்தார். "அதெல்லாம் சரி சார். உங்க பொண்ணுக்குப் போடுவீங்களா?"

"போடுவேன்."

முன்வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "இவர எங்க கேட்டேன்? நான் போன வாரமே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் சிரித்தவர்கள் எழுந்து போகவில்லை. பின்னால் குழந்தை பிறக்காமல் போகுமா, காய்ச்சல் வருமா, தனியாரில் போட்டால் நல்லதா என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். தெரிந்ததை நான் சொன்னேன். தெரியாததைப் பள்ளிக்கு வந்திருந்த அரசு டாக்டரம்மா சொன்னார். அன்று ஒரு பதிலுக்கும் கைதட்டல் இல்லை.

முகாம் நாளில் எல்லாரும் வரவில்லை. சரவணன் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். ஊசி போடும்போது அந்தப் பெண் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சார், நான் இன்னும் ஒத்துக்கல."

"ஒத்துக்க வேண்டாம்."

"இவளுக்கு எதுனா ஆச்சு, உங்க வூட்டு வாசல்லதான் வந்து நிப்பேன்."

"வாங்க. ஒரே தெருதானே."

டாக்டருக்கு நண்பர்கள் ஏராளம். அடக்கத்தன்று தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. அத்தனை பேர் நடுவிலும் எதிரி என்று அவர் பேர் வைத்தது என்னை மட்டும்தான். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பேர். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

போன வாரம் இதே இதழில், ஊசிக்கு வராத மாணவிகளின் பெயரை வகுப்பில் உரக்க வாசித்தது தவறு என்று எழுதியிருந்தேன். இதழ் வந்த அன்று கிரேஸ் அக்கா போன் செய்தார்.

"படிச்சேன் தம்பி. அவர் இருந்தா இத ஒத்துக்கமாட்டாரு."

"எதை ஒத்துக்கமாட்டார்?"

"ரெண்டாவது பாராவ எடுங்க, சொல்றேன்" என்றார். நான் இதழை எடுத்துவந்து உட்கார்ந்தேன்.