முப்பது மில்லி

மிஷன் பள்ளி அலுவலகத்தில் ஆசீர்வாதம் பத்தொன்பது வருடமாகக் கிளார்க். மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி பிசகிவிட்டது என்று அவர் மேசை முன்னால் யாரும் வந்து நின்றதில்லை. மற்றவர்கள் எழுதியதையும் அவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

வீட்டில் அந்தக் கவனம் அவர் மனைவி ரூத்துக்கு. ஒரே மகள் ஆன்மேரிக்கு மூன்று வயதிலிருந்து வலிப்பு. நாலு மருந்து மாற்றியும் நாளைக்குப் பத்துத் தடவை விழுந்தாள். கடைசியில் மருத்துவர், சாப்பாட்டையே மருந்தாக்கிப் பார்ப்போம் என்றார். சோறும் இட்லியும் நின்றன. தேங்காய் எண்ணெய், வெண்ணெய், முட்டை, கொஞ்சம் காய், அவ்வளவுதான். எதிலும் ஒரு கிராம் கூடவோ குறையவோ கூடாது. ரூத் தினமும் தான் வேலை பார்க்கும் உசிலம்பட்டிப் பள்ளிக்குப் பஸ் ஏறுமுன் சின்ன எலெக்ட்ரானிக் தராசில் மூன்று வேளைக்கும் நிறுத்து வைத்துவிடுவாள். எட்டு மாதமாக ஒரு வலிப்புகூட வரவில்லை. ஆறு வயதில் ஆன்மேரி கீழக்குயில்குடி மலைப்படியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள்.

அந்த ஆகஸ்டில் ரூத்துக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். வெண்ணெயையும் முட்டையையும் காயையும் நிறுத்து டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாள். எண்ணெய் மட்டும் அப்போதைக்கப்போது தராசில் நிறுத்து ஊற்ற வேண்டும். சுவரில் அவள் ஒட்டிய தாளில் ஒவ்வொரு வேளைக்கும் 'எண்ணெய் 30' என்றிருந்தது.

இரண்டாம் நாள் காலை தராசு எரியவில்லை. பேட்டரி மாற்றியும் எரியவில்லை. ரூத்துக்குப் போன் போடலாம் என்று எடுத்த ஆசீர்வாதம், ஆபரேஷன் முடிந்து ஒரு நாள்கூட ஆகவில்லையே என்று வைத்துவிட்டார். மகளுக்கு மருந்து கொடுக்கும் சிரிஞ்சு கண்ணில் பட்டது. கோடு கோடாக அளவு போட்டிருந்தது. பத்துப் பத்தாக மூன்று தடவை இழுத்து ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

நாலு நாள் அப்படித்தான் ஊற்றினார். நாலாம் நாள் சாயந்தரம் ஆன்மேரிக்கு லேசாக உடம்பு சுட்டது. மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். அவசரத்துக்கு மூக்கில் அடிக்கும் மருந்துக்கும் வலிப்பு நிற்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார். நாற்பது நிமிடம் வெட்டி இழுத்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், உணவு ஆலோசகர் சத்யப்ரியா வந்து விசாரித்தாள்.

"எண்ணெய எதுல அளந்தீங்க சார்?"

"சிரிஞ்சுலம்மா. கரெக்டா முப்பது."

"முப்பது மில்லியா?"

"ஆமா. கிராமும் மில்லியும் ஒண்ணுதான?"

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "தண்ணிக்குத்தான் சார் ஒண்ணு. எண்ணெய் லேசு. முப்பது மில்லி ஊத்துனா இருபத்தேழரை கிராம்தான் வரும். முப்பது கிராம் வேணும்னா முப்பத்து மூணு மில்லி கிட்ட ஊத்தணும்."

"அதனாலதான் வந்துச்சாம்மா?"

"காய்ச்சல்லயும் வரும் சார். இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாது."

அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் மனம் தானாகக் கூட்டியது. வேளைக்கு இரண்டரை. நாளைக்கு ஏழரை. நாலு நாளைக்கு முப்பது. முழுசாக ஒரு வேளை எண்ணெய் பிள்ளை வயிற்றுக்குப் போகவில்லை.

ரூத் வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவளை உட்காரவைத்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒரு போன் பண்ணிருக்கலாம்லங்க."

"நீ கெடந்த கெடையில எப்படி ரூத்து..."

"கிராம்னு எழுதாம விட்டது நான்" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பேசியதே இல்லை. ஆனால் வீடு திரும்பிய நாளிலிருந்து மகளின் சாப்பாட்டுப் பக்கம் அவரை அவள் விடவில்லை.

ஆன்மேரி பிழைத்தாள். பேச்சில் பாதி போய்விட்டது, கால் தடுமாறியது. ரூத் ஆறு மாதம் புதுத் தராசில் நிறுத்து நிறுத்துப் போட்டும் வலிப்பு அடங்கவில்லை. இனிப் பயனில்லை என்று மருத்துவர் அந்தச் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார். "இனிமே பிள்ள எல்லாம் சாப்பிடலாம்ல, விடுங்க" என்று சர்ச்சில் தெரிந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆசீர்வாதம் தலையாட்டினார்.

இப்போது வாரத்துக்கு மூன்று, நாலு தடவை வருகிறது. வரும்போது மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடங்கும்வரை தலைக்குக் கீழே கை கொடுத்துக் கிடப்பது அவர்தான். அந்த வேலையை ரூத் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.